ஏரியில் இடம் மாறிய கூடு

ராஜகீழ்ப்பாக்கம்
12.8.2006

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் தம்பி அய்மானும் நலம். துபாயில் உங்கள் தொண்டைக்கட்டு சரியாகிவிட்டதா? போன வாரம் ஃபோனில் நான் பேசத் தொடங்கியதும் லைன் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். நான் ஒரு தவறு செய்துவிட்டேன்.

எங்கள் ஐந்தாம் வகுப்புக்கு இந்த வருடம் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பள்ளிக்குப் பின்னாலேயே இருக்கிறது. பாதித் தண்ணீரை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. அதை வேரோடு எடுக்காவிட்டால் ஏரி மூச்சு முட்டிப்போகும் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். வகுப்பில் எழுந்து சொன்னதும் நான்தான். ஜெயசீலி டீச்சர் எங்களைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. கரையில் வரிசையாக நின்று, முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியால் செடிகளை இழுத்தோம்.

வியாழக்கிழமை பெரிய கொத்து ஒன்று கரைக்கு வந்தது. அதன் நடுவில் நான்கு முட்டைகள். புளியங்கொட்டை நிறம், அதே பளபளப்பு. ஒன்று உடைந்து வழிந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டேனியல்தான் கேட்டான்: "இன்னா ஃபாயிசா, உன் புக்குல வூடு கீதுன்னு போட்லியா?" எப்போதும் கிண்டல் செய்கிறவன் அன்று சிரிக்கவில்லை.

தூரத்தில் ஒரு தாமரைக்கோழி, கூடு இருந்த வெறும் தண்ணீரின் மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பூனைக்குட்டி மாதிரி கத்தியது. நீண்ட வால், பொன் நிறப் பிடரி.

மிச்சம் மூன்று முட்டைகளோடு அந்தக் கொத்தை மெல்லத் தள்ளிவிட்டோம். காற்றில் போய்விடாமல் இருக்க, டீச்சர் கயிற்றில் செங்கல் கட்டிப் போட்டார். ஆனால் பழைய இடம் வரை தொரட்டி எட்டவில்லை. கூடு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பறவைக்கு இது தன் வீடுதான் என்று எப்படித் தெரியும்?

நாற்பது பேரும் பூவரச மரத்தடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தோம். மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஏரிக்குள் வானம் அப்படியே கிடந்தது. மேகங்கள் இலைகளுக்கு அடியில் நகர்ந்தன. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தண்ணீருக்குள் சின்னதாகப் போனது. அந்த விமானத்துக்குள் ஜன்னல் ஓரமாக யாரோ தூங்குவது போல எனக்குத் தோன்றியது. நாம் வானத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோமா, கீழேயா என்று பக்கத்தில் இருந்த ஜீவிதா என் காதில் கேட்டாள்.

அப்போதுதான் அது வந்தது. மேகத்தின் மேல் நடப்பது போல, நீள நீள விரல்களை இலை இலையாக வைத்து வந்தது. நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்து கூட்டில் ஏறி, முட்டைகளை நெஞ்சுக்கு அடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது.

அம்மா வந்துவிட்டது என்று நான் முணுமுணுத்தேன். டீச்சர் குனிந்து, "அது அம்மா இல்லம்மா, அப்பா. இந்தப் பறவையில அப்பாதான் அடைகாக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா ஒரே அரிசியை ரொம்ப நேரம் களைந்துகொண்டிருந்தார்.

குஞ்சு பொரிக்கும் வரை அந்தப் பக்கம் செடிகளைத் தொடுவதில்லை, பிளாஸ்டிக் பைகளை மட்டும் பொறுக்குவது என்று வகுப்பில் கை தூக்கி முடிவு செய்தோம். புத்தகத்தின் ஓரத்தில், "முதலில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று பென்சிலால் எழுதிவிட்டேன். நூலக சார் திட்டினாலும் பரவாயில்லை.

அனகாபுத்தூர் வீட்டைக் காலி செய்த பிறகு நீங்கள் இன்னும் வரவில்லை அல்லவா, அதனால் வழி சொல்கிறேன். தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் ஏறி ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்குங்கள். ஏரிப் பக்கம் திரும்பினால் மூன்றாவது வீடு, பச்சை கேட். பழைய வீட்டிலிருந்த உங்கள் சாய்வு நாற்காலியை மாடியில் ஏரியைப் பார்த்துப் போட்டிருக்கிறோம்.

குஞ்சுகள் பிறந்த அன்றே இலை மேல் நடக்குமாம். மாடிச் சுவருக்கு மேல் தூக்கிக் காட்டினால்தான் அய்மானுக்குத் தெரியும். அவன் கனமாகிவிட்டான், என்னால் தூக்க முடியவில்லை. அம்மாவுக்கு இடுப்பு வலி.

குஞ்சு பொரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பையும் சீக்கிரமாக ஒரு லீவையும் கொடுக்கட்டும்.

தினமும் தொழுதுவிட்டு உங்களுக்காக துஆ கேட்கும் உங்கள் மகள்,
ஃபாயிசா