வீமனுக்கும் சேர்த்து ஓர் அறை

அக்கா,

இந்த இடத்துக் காற்றில் தோசைமா பொங்கி வழிந்த வாசம் அடிக்கிறது. யன்னலைத் திறந்ததும், அடுப்படியில் எதையோ மூட மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் இது என் வீடு இல்லை, கென்ட் என்று நினைவுக்கு வந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கொட்டிலில் திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் நானும் எத்தனையோ தேநீர் இடைவேளைகளில் பேசிப் பேசி, ஒருநாளும் வந்து சேராத இடத்துக்கு நான் வந்துவிட்டேன். உங்கள் வீமனும் வந்திருக்கிறான். அவனுக்கென்று கொண்டுவந்த மெத்தையை ஒதுக்கித் தள்ளிவிட்டு, என் செருப்பின்மேல் படுத்துக் குறட்டை விடுகிறான்.

இவரும் வந்திருக்கிறார். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று பின்னுக்கு வைத்தேன்.

நாங்கள் சும்மா வரவில்லை. குரோய்டனில் ஒரு குடும்பம் வீமனை எடுத்து வளர்க்க ஆயத்தமாக இருக்கிறதாம். நல்ல சனம், பெரிய தோட்டம். கனடாவில் இருக்கிற உங்கள் மகன்தான் தேடிப் பிடித்தான். அவன் இருக்கும் தொடர்மாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். எங்களுக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று நினைக்கிறான். இந்தக் கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் பதில் உங்களுக்குத் தெரியும். ஆனால் இவருக்கு மனமில்லாமல் ஓர் உயிரை வீட்டில் வைத்திருப்பது அந்த உயிருக்கும் நல்லதில்லை. இவரைக் கேட்டால், "ரெண்டு நாள் எங்கையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பாப்பம். பிறகு சொல்லுறன்" என்றார். அதனால்தான் இந்தப் பயணம்.

விமானச் சாப்பாட்டுக் கிச்சினில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. தட்டுகள் நகர்ந்து வர, நான் பாணும் பட்டரும் வைப்பேன், நீங்கள் குட்டி வைன் போத்தல் வைப்பீர்கள். ஆயிரமாயிரம் போத்தல் வைத்த கை, ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஒருநாள் ஒரு போத்தலைத் தூக்கி லேபிளை வாசித்துவிட்டு, "பிள்ளை, இதைக் குடிக்கிறவை எல்லாரும் எங்கையோ ஒரு நாட்டுக்குப் போகினம். நாங்கள் இது விளையிற இடத்துக்காவது ஒருக்காப் போய்வருவம்" என்றீர்கள். பிரான்சுக்குப் போவதென்றால் வீமனை யாரிடம் விடுவது என்ற கேள்வி வந்தது. கென்டிலும் விளைகிறது என்று நான் போனில் தேடிச் சொன்னதும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாம் இருக்கிற ஹவுன்ஸ்லோவிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில் திராட்சை பழுக்கும் முந்திரிகைத் தோட்டம் இருப்பதை இத்தனை காலம் யாரோ உங்களிடம் ஒளித்து வைத்திருந்ததுபோலக் கோபப்பட்டீர்கள்.

போவதென்று முடிவெடுத்தோம். நாள்தான் கிடைக்கவில்லை. பழம் பழுத்திருக்கும்போதுதான் போக வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். இந்த நாட்டில் அது பழுப்பது ஆவணி கழிந்து, புரட்டாதி, ஐப்பசியில். நம்முடைய விரதங்கள் வரிசையில் வந்து நிற்பதும் அப்போதுதான். புரட்டாதிச் சனி, நவராத்திரி, ஐப்பசி வெள்ளி, கந்தசஷ்டி. மிஞ்சிய நாட்களில் உங்களுக்கு ஷிப்ட் இல்லாவிட்டால் எனக்கு ஷிப்ட். ஒவ்வொரு வருசமும் கலண்டரை மேசையில் விரித்து வைத்து, கடைசியில் நீங்களே வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். "வைன் குடிக்கப் போறதுக்கு நல்ல நாள் பாக்கிற ரெண்டு பேர் உலகத்திலை நாங்கள்தான்" என்பீர்கள். கலண்டர் அடுத்த வருசத்துக்கு மடிக்கப்படும்.

இடையில் ஒத்திகையும் நடந்தது. அங்கே போய் முழிக்கக்கூடாது என்று சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வெள்ளை வைன் வாங்கி, உங்கள் குசினியில் திறந்தோம். கண்ணாடிக் கிளாஸ் ஒன்றுதான் இருந்தது. எச்சில் படக்கூடாது என்று நீங்கள் கிளாசை உயர்த்தி, அண்ணாந்து, செம்பில் தண்ணீர் குடிப்பதுபோல ஒரு சாண் மேலிருந்து ஊற்றினீர்கள். பாதி வாய்க்குள் போனது, மீதி மூக்கில் ஏறியது. தும்மி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னீர்கள்: "பழஞ்சோத்துத் தண்ணிதான். அதுக்கெண்டாலும் வெங்காயம் கிடக்கும்." வீமன் மேசைக்குக் கீழே நின்று என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தான். குட்டைக் கால், தரையைக் கூட்டும் காது, நிலத்தில் முட்டும் வயிறு. அந்த உருவத்துக்கு வீமன் என்று ஏன் பெயர் வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "சாப்பிடேக்கை பாரும்" என்றீர்கள்.

தோட்டங்களுக்குப் போன் பண்ணுவது உங்கள் வேலை. எடுத்தவுடன் உங்கள் முதல் கேள்வி, "நாயோடை வரலாமோ" என்பதுதான். அறை எப்படி, வைன் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நாய் பழக்கவழக்கம் தெரிந்ததுதானே என்று கேட்ட ஒரு பெண்ணிடம், மனிதர்கள் தங்க வரும்போதும் இப்படிக் கேட்பீர்களா என்று நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. ஏன் அக்கா எப்போதும் அதையே முதலில் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த புதிதில், கைக்குழந்தையாக இருந்த மகனைத் தூக்கிக்கொண்டு அறை தேடித் திரிந்ததைச் சொன்னீர்கள். உங்களைப் பார்த்தவுடன் கதவு திறக்குமாம். பிள்ளையைப் பார்த்தவுடன் அறை போய்விட்டது என்பார்களாம். "வாசல்லை நிண்டு இல்லையெண்டு கேட்டது எனக்குக் காணும். இனி வெளிக்கிட முதலே கேட்டிடுவன்" என்றீர்கள். சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்தின் நம்பரை அமத்தினீர்கள்.

இந்தப் பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் நெஞ்சு நோகுது என்று சொன்னவர், மத்தியானம் இல்லை. நான் அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அக்கா. எழுதினால் அழுவேன், அழுதால் வீமன் எழும்பிவிடுவான். உங்கள் மகன் வந்து எல்லாம் செய்தான். நீங்கள் இருந்த கவுன்சில் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தான். வீமனை ஒரு கிழமைக்கு என்று எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.

இவர் அன்றே சட்டம் போட்டார். குசினிக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையோடு சரி. கார்ப்பெட்டில் கால் படக்கூடாது, சாமியறைப் பக்கம் மூச்சே படக்கூடாது. இவருடைய அப்பா, என் மாமா, நாய் வாசல் படலை தாண்டினால் மஞ்சள் தண்ணீர் தெளித்த மனிதர். இவரும் அந்த வளர்ப்பு. "உந்த நாய்" என்பதைத் தவிர வேறு பெயர் இவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஒரு கிழமை ஒரு மாதமாகி, கோடையும் வந்தது. நான் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இவர் கோயிலுக்குப் போய் மத்தியானப் பூசை முடிந்து வந்தார். நான் மேலே உடுப்பு மடித்துவிட்டு இறங்கி வந்தால், இவர் பின் அறை வாசலில் குந்தி இருக்கிறார். கையில் வெறும் பிளாஸ்டிக் கப். வீமன் இவருடைய விரலை நக்கிக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும் களவு பிடிபட்ட முகம்.

"என்ன குடுத்தீங்கள்?"

"சக்கரைப் புக்கைதான். பிரசாதம் எல்லே. வாயில்லாப் பிராணி பாத்துக்கொண்டு நிக்கேக்கை நான் மட்டும் எப்பிடித் தின்னிறது?"

"பிளம்ஸ் கிடந்ததோ?"

"கிடக்கும்தானே. கஜு, பிளம்ஸ் எல்லாம் போட்டுத்தானே செய்யிறவை."

எனக்கு உயிர் போய் வந்தது. நாங்கள் பிளம்ஸ் என்று சொல்லுவது காய்ந்த திராட்சை. இந்தப் பயணத்துக்காக நீங்கள் மிருக வைத்தியரிடம் போய் விசாரித்துவந்து எனக்கு எத்தனை தரம் படிப்பித்தீர்கள். "முந்திரிகை பச்சையோ காய்ஞ்சதோ நாய்க்கு நஞ்சு, பிள்ளை. தோட்டத்திலை நான் குடிக்கிறன், நீர் அவன்ரை வாயைப் பாரும்." அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் நான் அந்தக் கப்பைக் கழுவி வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

விசயத்தைச் சொன்னதும் இவர் ஒரு துவாய்கூட விரிக்காமல் வீமனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் கார் ஓட்டச் சொன்னார். கோயில் வேட்டி, நெற்றியில் திருநீறு, மடியில் வீமன். வழி முழுக்க, "ஒண்டும் செய்யாது, பிரசாதம்தானே, ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீமனுக்குச் சொன்னாரோ முருகனுக்குச் சொன்னாரோ தெரியாது.

கிட்டடியில் இருந்த மிருக வைத்தியரிடம் ஓடினோம். வரவேற்பில் இருந்த பிள்ளை நாயின் பெயரைக் கேட்டது, குடும்பப் பெயரைக் கேட்டது. குடும்பப் பெயர் என்றால் இந்த நாட்டில் நாங்கள் எதைக் கொடுப்போம்? இவருடைய அப்பாவின் பெயர் இவருக்குப் பின்னால் நின்று, எனக்கும் வந்து, பிள்ளைகளுக்கும் வந்து, கடைசியில் எல்லோரும் கந்தையா. பதற்றத்தில் நானும் அதையே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரத் தாதி வந்து, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்: "வீமன் கந்தையா."

எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்த மாமாவின் பெயர். இவரைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். இவர் எழும்பினார், வீமனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், "யெஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

ஊசி போட்டுத் தின்ற எல்லாவற்றையும் சத்தி எடுக்க வைத்தார்கள். நேரத்தோடு கொண்டுவந்ததால் தப்பிவிட்டான் என்றார்கள். திரும்பி வரும்போது இவர் பெயர்க் கதையை எடுக்கவே இல்லை. வீட்டு வாசலில் காரை விட்டு இறங்க முன்னம், "நீங்கள் ரெண்டு பேரும் ஓயாமல் கதைச்ச தோட்டம் எங்கை கிடக்குது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அடுத்த நாள்தான் குரோய்டன் குடும்பத்தின் செய்தி வந்தது. நவராத்திரிக்கு முன்னால் விரதம் இல்லாத ஒரு புதன்கிழமையைக் கலண்டரில் இவரே தேடிப் பிடித்தார். நான் போன் பண்ணினேன். எதை முதலில் கேட்டேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்று பின்னேரம் கொடிகளுக்கு நடுவே நடந்தோம். பழுத்துக் கொட்டிய பழங்கள் புல் முழுக்கக் கிடந்தன. கொஞ்சத் தூரம்தான் வீமன் நடந்தான். பிறகு பார்த்தால் அவன் இவருடைய கையில். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏற்றத்தில் ஏறுகிறார். ஏன் என்று கேட்டால், "கீழை முழுக்கப் பிளம்ஸ்" என்கிறார். நான் மூன்று விதமான வைன் குடித்துப் பார்த்தேன். குடித்ததைத் துப்புவதற்கு என்று ஒரு வாளி வைத்திருக்கிறார்கள், அக்கா, எல்லோருக்கும் ஒரே வாளி. நான் மரியாதையாக விழுங்கிவிட்டேன். ஒன்றாவது வெங்காயம் கேட்கவில்லை, உண்மையிலேயே நல்லாயிருந்தது. நீங்கள் பக்கத்தில் இல்லாதது அந்த நேரத்தில் மிகவும் நொந்தது.

அறைக்கு வந்த கையோடு உங்கள் மகன் போன் எடுத்தான். அவன் சொல்லுவது அறை முழுக்கக் கேட்கும்படி வைத்தேன். "அன்ரி, அந்த ஆக்களுக்கு நான் என்ன சொல்ல?" என்றான். நான் வாயைத் திறக்க முன்னம் இவர் போனை வாங்கினார்.

"தம்பி, அவன் எங்கடை அப்பான்ரை பேரிலை பதிஞ்சு கிடக்கிறான். அப்பான்ரை பேரை நான் குரோய்டனுக்குக் குடுக்க ஏலாது."

 பிறகு பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்ப நான் மார்கழியிலை வந்தா அவனைப் பாக்கலாமோ, அங்கிள்? இப்ப அம்மான்ரை வீடும் இல்லை. லண்டன் வந்தா எங்கை நிக்கிறது எண்டுதான் யோசிக்கிறன்."

"எங்கை நிக்கிறதோ? உதென்ன கேள்வி?" என்றார் இவர். "மேல் அறை சும்மாதானே கிடக்குது. நாளைக்கே ரிக்கெற்றைப் போடும்."

அக்கா, உங்கள் பிள்ளை இனி எங்கள் வாசலில் நின்று கேட்க வேண்டியதில்லை. அறையை நான் இப்போதே ஒதுக்கி வைத்துவிட்டேன்.