இரண்டே முக்கால் மணி நேரம்

அன்பு மகள் பட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவன் அருளால் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை. நான் இப்போது வீட்டில் இல்லை.

உன்னிடம் வரக் கிளம்பிவிட்டேன். எட்டு மாதமாக நீ என் போனை எடுக்காதபோது எப்படிச் சொல்லிவிட்டு வருவது? சொன்னாலும் வேண்டாம் என்றிருப்பாய். விமானம் மாறுவதற்காக இறங்கிய ஊரில், கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தம்பிதான் டிக்கெட் போட்டான். நம் ஊர் விமானம் முதலில் உன் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கேயோ பறக்கிறது. அங்கே அரை நாள் காத்திருந்து, இன்னொன்றில் ஏறி இங்கே வந்தேன். நடுவில் சோதனை செய்த பெண் என் தைலப் புட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். முட்டிவலிக்காரி விமானத்தைக் கடத்திவிடுவேனாம்!

உன் ஊருக்குப் போகும் சின்ன விமானம் மழையால் இன்று இல்லையாம். நாளை மதியம்தானாம். நான் விடவில்லை. "எங்க ஊருக்கும் பொண்ணு ஊருக்கும் ரெண்டே முக்கால் மணி நேர தூரம்தானேப்பா, போன்லயே போட்டிருக்கே" என்று கவுண்டரில் இருந்தவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அது ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு போட்டுப் பார்த்த கணக்கும்மா. அந்தக் கோட்டுல எந்த விமானமும் ஓடல."

பையை இழுத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா போன அன்றைக்கும் மழை. இங்கிருந்துதானே போன் செய்தாய்? "நாளைக்கு மத்தியானம் வந்துடுவேம்மா, அதுவரைக்கும் அப்பாவ எடுத்துடாதீங்க" என்று கெஞ்சினாய். காத்திருக்கலாம் என்றான் தம்பி. நான்தான், "ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு நாளைக்கா? யார் வீட்டு இழவோன்னு இருக்கா. தூக்குங்க" என்றேன். போனை வைக்காமலே சொன்னேன். உன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

காய்கறிக்காரர் தராசையே சந்தேகப்படுகிறவள், போனில் பார்த்த எண்ணை அப்படியே நம்பினேன். பெற்ற பெண்ணை நம்பவில்லை. காலையும் மாலையும் கடவுள் பெயரைச் சொல்லும் இதே வாய்தான் அதையும் சொன்னது.

இங்கே நாற்காலி எல்லாம் இரும்பு. சாய்ந்தால் முதுகு ஜில்லென்கிறது. நீ எதில் உட்கார்ந்திருந்தாயோ என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். தரை துடைக்கும் அம்மாவிடம், "எட்டு மாசத்துக்கு முன்னால இங்க ஒரு பொண்ணு அழுதுட்டிருந்தாளா?" என்று கேட்கப் போய், வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் இருக்கும் பெண் இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பித் தருகிறேன் என்றாள். கையெழுத்து நன்றாக இருக்கிறதே, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். என் மகளுடைய பழைய பாடப் புத்தகம்தான் என் பள்ளிக்கூடம் என்றேன்.

கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். நாளை மதியம் உன் ஊரில் இறங்குவேன். வேலை இருந்தால் முடித்துக்கொண்டே வா. மழை இருந்தால் விட்ட பிறகு வா. எவ்வளவு நேரமானாலும் வாசலில் காத்திருப்பேன், பட்டு. கணக்குப் பார்க்க மாட்டேன்.

வேண்டுதலோடு,
அம்மா