மூலைக் கணினியை விட்டுவைக்கக் கோரி

அனுப்புநர்
மா. சந்திரிகா,
கணினி இயக்குபவர்,
மேற்கு மாம்பலம், சென்னை–33.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
தென்சென்னை மகளிர் சீருடைத் தையல் கூட்டுறவுச் சங்கம்,
தியாகராய நகர், சென்னை–17.

பொருள்: சங்கக் கணினிகளில் விலைக்கு வாங்கிய மென்பொருளை நிறுவுதல் – மூலைக் கணினிக்கு மட்டும் விலக்கு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் சங்கத்தின் மூன்று கணினிகளிலும் இதுவரை இருப்பது, கணினிப் பத்திரிகையோடு சி.டி.யில் இலவசமாக வந்த மென்பொருள். அதன் உள்வேலை எல்லோருக்கும் திறந்திருக்கும், தெரிந்தவர் திருத்திக்கொள்ளலாம். அதை நிறுவிய பொறியாளர் திரு. பரத்வாஜ் சென்ற மாதம் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். இந்த வாரக் கடைசியில் மூன்றிலும் அதை அழித்துவிட்டு, விலைக்கு வாங்கியதைப் போட மேலாளர் திரு. ஜவஹர் உத்தரவிட்டுள்ளார்.

2. வாங்கியதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பழையதில் தட்டச்சு செய்து நாம் அனுப்பிய விலைப்பட்டியல் பள்ளிக்கூடத்துக் கணினியில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்ததும், “விலை கேட்டா கோலம் போட்டு அனுப்பறீங்களே” என்று தலைமையாசிரியை தொலைபேசியில் கேட்டதும் உண்மை. ஊரோடு ஒத்து வாழ வேண்டியதுதான். “நாளைக்கு இது மக்கர் பண்ணா யாரைப் புடிச்சுத் திட்றது? காசு குடுத்து வாங்கினா ஒரு கம்பெனிக்காரன் கீறான்ல?” என்று மேலாளர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

3. ஆயுத பூஜையன்று தையல் இயந்திரங்கள், கத்தரிக்கோல்களோடு புதிய மென்பொருளின் அட்டைப் பெட்டிக்கும், பிரிக்காமலே, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பழையதன் சி.டி.யையும் வைக்கலாமா என்று கேட்டேன். “ஒரு டப்பா கூட இல்ல, இத்தப் போயி சாமி முன்னாடி வெப்பாங்களாம்மா?” என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்போது ரங்கநாதன் தெரு நெரிசலில் அழுதேன். அங்கே யார் கவனிக்கப் போகிறார்கள்?

4. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். மூலைக் கணினியில் மட்டும் கட்டளைகள் தமிழில் இருக்கின்றன. மதிய உணவு வேளைகளில் திரு. பரத்வாஜும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினோம். எழுதியதைப் பாதுகாக்கும் கட்டளைக்கு ‘சேமி’ என்று போடலாம் என்றார். உண்டியல் மாதிரி இருக்கிறது என்றேன். “அப்போ உங்காத்துல என்ன சொல்வேள்?” என்று கேட்டார். ‘எடுத்து வை’ என்போம் என்றேன். அதையே போட்டார். என் வீட்டுச் சொல்லை ஓர் இயந்திரத்தில் அன்றுதான் பார்த்தேன். புதியதில் ஒரு சொல்லைக்கூட நாம் தொட முடியாதாம். நிறுவ வருபவரிடம் விசாரித்துவிட்டேன். திரு. பரத்வாஜ் ஊரைவிட்டுப் போன நாளில், சொல்ல நினைத்ததை நான் சொல்லவில்லை. மனுவில் இதெல்லாம் கூடாதென்று தெரியும். அடித்துவிட மனம் வரவில்லை.

5. ஆகவே, வெளியூருக்கும் பள்ளிகளுக்கும் போகும் வேலையை மற்ற இரண்டு கணினிகளில் புதிய மென்பொருளைக் கொண்டே செய்யக் கற்றுக்கொள்கிறேன். சங்கத்தின் அறிவிப்புகளையும் உறுப்பினர் கடிதங்களையும் தட்டச்சு செய்ய மூலைக் கணினியை அப்படியே விட்டுவைக்கத் தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன். மக்கர் செய்தால் திட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் என்னைத் திட்டலாம். அவர் திரும்பி வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும் ஐயா. அந்தச் சொற்களாவது இங்கே இருக்கட்டும்.

இடம்: சென்னை–17
நாள்: 25.10.1999

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
மா. சந்திரிகா