சதீஷ் பேச்சின் கடைசியில் ஒரு கரகரப்பு

ஆடி 4, ஞாயிறு
புழுக்கம். மாடியில் காய்ந்த துணியெல்லாம் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல்.

நம் வீட்டுப் பிள்ளைகள்: பேத்தி கலை, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா, முதல் வகுப்பு. தன் கையாலே டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் பெட்டி செய்தாள். செங்கல் அளவுதான், தெருவே அதிரும். சின்னவன், கேரம் கோப்பை இரண்டு. நடுப் பேரன் சதீஷ், வெல்டர். எங்கள் சந்தில் முதல் பாஸ்போர்ட் அவனுடையது. துபாய்ப் பக்கம் கப்பல் பட்டறை. நான் படித்தது ஐந்தாவதுதான்.

சதீஷ் போனில் பேசி அனுப்பிய கடைசிச் சேதியை இன்றும் கலையின் பெட்டியில் போட்டுக் கேட்டேன். எனக்குக் காது மந்தம், போன் சத்தம் எட்டாது. மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றுமில்லை. "நல்லா கீறேன் ஆயா" வரை தெளிவு. குரல் இறங்கியதும் ஒரே கரகரப்பு. அதற்குள் ஏதோ சொல்கிறான். ஊருக்கு வரும் தேதியாகத்தான் இருக்கும்.

ஆடி 6, செவ்வாய்
தூறல். வாங்க: புளி, தீப்பெட்டி, ஊக்கு.

பெட்டியைப் பார்க்க மைக்செட் பாஷா வந்து முழுச் சத்தத்தில் பாட்டு போட்டான்.
"இன்னா ஆயா, செம்மயா கீது! இதுல போயி கொறை சொல்றியே?"
"மெதுவா வெச்சிக் கேளு நைனா."
"மெதுவாவா? நம்ம ஏரியால எவன் மெதுவா வெச்சான்!"
உண்மைதான். கலையும் சத்தமாக வைத்தே சோதித்திருக்கிறாள்.

சாயங்காலம் அவளைக் கேட்டேன்.
"உள்ள ரெண்டு சுவிட்சு மாறி மாறி ஓடுது ஆயா. ரெண்டும் ஒண்ணா ஆன் ஆனா எரிஞ்சிபூடும். அதான் நடுவுல துளியூண்டு நேரம் ரெண்டையும் நிறுத்தி வெக்கிறேன். அந்த எடைவெளி சாஸ்தியா பூட்ச்சு. பெரிய சத்தத்துல தெரியாது. சின்னக் குரலைத்தான் கடிக்கும்."
"கொறச்சிடு."
"எரிஞ்சா?"
"உன் தம்பிதானேடி?"
கலை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆடி 8, வியாழன்
தண்ணீர் லாரி வரவில்லை. கலை பெட்டியைத் திறந்து சால்டரிங் சூட்டுக்கோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நச்சரித்தது நான்தான்.

ஆடி 10, சனி
வெயில். பெட்டி எரியவில்லை. சத்தம் கழுவி வைத்த மாதிரி சுத்தம்.

"நல்லா கீறேன் ஆயா." பிறகு பேச்சே இல்லை. பிள்ளை அழுகிறான். வாயைப் பொத்திக்கொண்டு. பின்னால் மின்விசிறி.

"உனக்கு முன்னயே தெரியுமாடி?"
"அன்னிக்கே இயர்போன்ல கேட்டுட்டேன் ஆயா. பழி பெட்டி மேலயே கெடக்கட்டும்னு வுட்டேன்."

மறுபடி அந்தக் கரகரப்பை வை என்றால் வைப்பாளா. கேட்கவில்லை.

ஆடி 11, ஞாயிறு
காற்றே இல்லை. சதீஷுக்குப் போன் போட்டால் அணைத்தே இருக்கிறது. அவன் தங்கும் தொழிலாளர் முகாம் விலாசத்துக்குப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. இது மூன்றாவது. இவ்வளவுதான் எழுத வேண்டும்:

சதீஷு, பேச வேண்டாம். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. சிரிக்காவிட்டாலும் போடு.