மிச்சம் வைத்த வரி

செவ்வாய்க்கிழமை, நசினு நகரம். இன்றும் ஊரடங்கு.

"எதிர்வீட்டுக்காரங்களும் ஆஸ்திரேலியா கெளம்பிட்டாங்க. நாம எப்போ?" என்றாள் மனைவி. நான் கணினி முன் உட்கார்ந்தேன். இலவச மென்பொருள் எழுதும் எங்கள் மின்னஞ்சல் குழுவில் நிரலில் இருந்த ஒரு பிழையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பதிலோடு எங்கள் தீவு நாட்டில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு, நவுசோரி சாலையில் துப்பாக்கி, பூட்டிய கடைகள் என்று எல்லாவற்றையும் கொட்டிக் குழு முழுவதற்கும் அனுப்பிவிட்டேன்.

குழுவை நடத்தும் ஜெர்மன்காரர் கறாரானவர். வந்த மடலில் தேவையான வரியை மட்டும் வைத்து, மற்றதை வெட்டி, அதன் கீழேதான் பதில் எழுத வேண்டும் என்பார். எல்லார் முன்னாலும் திட்டுவார் என்று நினைத்தேன். எனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தார். நான் எழுதிய அத்தனையையும் வெட்டிவிட்டு அதில் ஒரே வரியை வைத்திருந்தார்: "எனக்குப் பயமாக இருக்கிறது." அதன் கீழே: "உங்கள் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வீட்டைப் பாருங்கள்."

என்ன மனுஷன்! இதிலும் விதியை விடவில்லை.

பயமாக இருக்கிறது என்ற அந்த வரியை நான் இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை.