ஓடிப்போனார்கள், முடித்தார்கள்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். புகைமூட்டம், மலையே தெரியவில்லை. வாங்கணும்: மை, அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத பிஸ்கட்.

கம்பார் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சு.வைப் பார்த்தேன். என் முதுகலை ஆய்வின் மேற்பார்வையாளர். தலைப்பு: மலாயா மருத்துவக் கட்டுரைகளின் மொழி, அன்றும் இன்றும். நான் கொண்டுபோனது பெயர்ச்சொற்கள். அன்று 'கூலி'. அப்புறம் 'சப்ஜெக்ட்'. இப்போது 'பார்ட்டிசிபன்ட்', பங்கேற்பாளர். அழகான நேர்கோடு என்று நினைத்திருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா?"

வெள்ளிக்கிழமை முன்மொழிவுக் கூட்டம். அதற்குள் புதிதாக ஒன்று வேண்டும். இல்லையென்றால் தலைப்பை விட்டுவிடச் சொல்கிறார். விட்டால் ஒரு பருவம் போச்சு.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல். செம்பனை, செம்பனை, நடுவில் ஒரு தாமான், புதுக் குடியிருப்பு. அதற்கு இன்னும் பழைய தோட்டத்தின் பெயர்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. ஒரு வரிகூட எழுதவில்லை.

மாலை அப்பாவைக் கூட்டிவரக் கோப்பிக்கடைக்கு. அப்பா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருடத்திலிருந்து கிளினிக்கில் ஒரு நீரிழிவு ஆய்வில் இருக்கிறார். அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸி அதை 'ஸ்டடி' என்றாளாம். அப்பா படிப்பு என்றே எடுத்துக்கொண்டு, எங்கள் புந்தோங் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இப்படிச் சொல்லித் திரிவது எனக்கு இன்றுதான் தெரியும்.

மாணிக்கம் மாமா, மேசை முழுக்கக் கேட்கும்படி: "மச்சான், அப்பனும் மகளும் ஒண்ணா படிக்கிறீங்க. யாரு மொதல்ல முடிக்கிறது?"

அப்பா கோப்பியை ஊதிக்கொண்டே: "நான்தான்லா. வெள்ளிக்கெழம எனக்குக் கடைசி. அவ இன்னும் தலைப்பே தேடிக்கிட்டு இருக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மோட்டாரில் பின்னால் அப்பா. தூறல். சிக்னலில் நிற்கும்போது: முடிக்கிறது. யார் முடிக்கிறார்? வினை. பெயரை விடு, வினையைப் பார்.

பின்னால் ஹார்ன். பச்சை விழுந்ததே தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

மழை விட்டது. பசியாற மறந்தேன்.

பழைய கட்டுரைகளில் வினைகளை மட்டும் வட்டமிட்டேன். கூலிகளுக்குச் சோறு கொடுக்கப்பட்டது. ரத்தம் எடுக்கப்பட்டது. மண்ணீரல் அமுக்கிப் பார்க்கப்பட்டது. அமுக்கியது யார்? யாருமில்லை. கை இல்லாத வாக்கியங்கள்.

கூலி தானே செய்தது என்று தேடினால் தேறியவை: செத்தார்கள். ஓடிப்போனார்கள்.

இன்றைய கட்டுரைகள்: 'நாங்கள்' அளந்தோம். கை வந்துவிட்டது. பங்கேற்பாளருக்கும் வினைகள். சம்மதித்தார்கள், மறுத்தார்கள், விலகினார்கள். முடித்தார்கள்.

பிறகு இது. உட்கார முடியவில்லை, அறைக்குள் நடந்தேன். பாதியில் வராமல் போனவர், அன்று 'ஓடிப்போனார்'. இன்று 'லாஸ்ட் டு ஃபாலோ-அப்', தொடர்பில் இழக்கப்பட்டார். அதே காலி நாற்காலி. அன்று பழி போனவர் மேல். இன்று யாரோ தொலைத்திருக்கிறார்கள், யாரென்று வாக்கியம் சொல்லவில்லை. கை மறுபடி காணோம். செயப்பாட்டு வினை சாகவே இல்லை, இங்கே வந்து ஒளிந்திருக்கிறது!

டாக்டர் சு.வுக்கு மின்னஞ்சல். ஒரு வரி பதில்: வெள்ளிக்கிழமை இதைச் சொல்லுங்கள்.

ஜூலை 17, வியாழன்

வெயில். ஸ்லைடுகள். வெள்ளைச் சட்டை தேய்க்கணும்.

என் கூட்டமும் அப்பாவின் கடைசி நாளும் ஒரே காலை. எப்போதும் நான்தான் மோட்டாரில் ஏற்றிப்போவேன். சொன்னதும், அப்ப நான் போகல, என்றார். கடைசிதானே, ரத்தம்தானே எடுப்பாங்க.

போகாவிட்டால் அவரை என்னவென்று எழுதுவார்கள் என்று சொன்னேன்.

"தொலஞ்சு போனவனா? நான் புந்தோங்குலதானே இருக்கேன்லா. ஒரு போன் போட்டா வரப்போறேன்."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படுக்கப் போனார். அவர் சொன்னதை அப்படியே ஸ்லைடில் போட ஆசை. கேட்காமல் போடக்கூடாது. கேட்கவும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

கம்பார். வராந்தா. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.

காலையில் எனக்கு முன்னாலேயே அப்பா கிளம்பியிருந்தார். மேசையில் பாதி பிஸ்கட். கோப்பிக்கடையா, கிளினிக்கா, தெரியாது. போன் எடுக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர்: இது வெறும் இலக்கணம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டிலேயே இருக்கும் ஒருவரை இழந்துவிட்டதாக எழுத முடிகிறது, என்றேன். குரல் எனக்கே புதிது. டாக்டர் சு. கண்ணாடியைக் கழற்றினார். தலைப்பு நிற்கட்டும், என்றார்.

நிற்கட்டும்!

போனில் அப்பாவின் குரல் பதிவு. பின்னால் பஸ் இரைச்சல்.

"பாப்பா, நான் முடிச்சிட்டேன்லா. ஒனக்கு என்னா ஆச்சு?"