ஆறு மணி என்னுடையது

டிசம்பர் 31, சனி

பல் செட் செய்யும் லேபில் இன்று அரை நாள்தான். ஒரு கீழ்த்தாடை செட்டுக்கு மெழுகில் பல் அடுக்கி முடித்துவிட்டு, நக இடுக்கில் பிளாஸ்டர் மாவோடு நேராகச் சபைக்குப் போனேன். புது வருடத்தின் முதல் வாரம் முழுக்கச் சங்கிலி ஜெபமாம். ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டிலேயே. நம் மணி முடிந்ததும் அடுத்தவருக்குப் போன் செய்ய வேண்டும். போன் வந்த பிறகுதான் அவர் ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் கண்ணியோடு கண்ணி சேரும் என்றார் போதகர்.

காலை ஐந்து மணி யாருக்கு என்று கேட்டார். கையைத் தூக்குவதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மாடி வீட்டுக்காரி தூக்கிவிட்டாள். என் கொழுந்தனின் மனைவி. எங்கள் தலைக்கு மேலேயே குடியிருக்கிறாள். நேரம் தவறாதவள் என்று ஊரெல்லாம் பேர். நான் மனசுக்குள் வைத்திருக்கும் பேர் மணிக்கூண்டு. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஆறு மணி கிடைத்தது. ஆறு மணிக்கு எழுந்திருக்கிறவளை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்?

ஜனவரி 1, ஞாயிறு

பிரசங்கம் நேரத்தைப் பற்றி. கடவுள் கொடுத்த ஒரு வருடத்தை எந்த நிலையில் அவரிடம் திருப்பிக் கொடுத்தோம் என்று கேட்டார் போதகர். நல்ல கேள்விதான், நெஞ்சில் தைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் சபையிலேயே ஒரு சகோதரி இருக்கிறார், தையலும் பார்க்கிறார், ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடும் போய் உட்காருகிறார், ஞாயிறு பள்ளியும் நடத்துகிறார் என்று ஆரம்பித்தார். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில், "அவளுக்கும் அதே இருபத்துநாலு மணி நேரம்தானே?" என்றார். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறேன், என் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வயிற்றெரிச்சல். இதற்கு வேறு நல்ல பேர் வைத்து எழுத மனசில்லை.

ஜனவரி 2

சரியாக ஆறு மணிக்குப் போன். "அக்கா, உங்க நேரம்." குரலில் தூக்கக் கலக்கமே இல்லை. முழங்காலில் நின்றேன். மேலே நாற்காலி நகர்ந்தது. பிறகு தையல் மெஷின் ஓடியது. ஜெபம் முடித்த கையோடு வேலையா? காது முழுக்க அங்கேயே இருந்தது. ஆமென் சொல்லும்போதுதான், நான் ஆரம்பிக்கவே இல்லை என்று தெரிந்தது.

ஜனவரி 4

இன்றும் அப்படித்தான். கண்ணை மூடினால் அவள்தான் வருகிறாள்.

ஜனவரி 5, வியாழன்

போன் வரவில்லை.

ஆறு அடித்தது. ஆறேகால் ஆனது. மேலே ஒரு சத்தமும் இல்லை. பதறினேன் என்று எழுதினால் பொய். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தூங்கிவிட்டாள் — மகராசி, நன்றாகத் தூங்கட்டும். மாடி ஏறிக் கதவைத் தட்டியிருக்கலாம். இல்லை, நானே ஆரம்பித்திருக்கலாம். ஆனால் போன் வந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்றே. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு டீ போட்டுக் குடித்தேன். சங்கிலி அறுந்தால் அவள் கையில் அறுந்ததாக இருக்கட்டும் என்று ஒரு மணி நேரமும் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணி, ரிட்டயரான தபால்காரரின் முறை. அவரைக் கூப்பிட்டு, உங்கள் நேரம் என்றேன். கூடவே, எனக்கு மேலிருந்து போன் வரவில்லை என்பதையும் காதில் போட்டு வைத்தேன். தபால்காரர் அல்லவா, சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவார்.

வேலைக்குக் கிளம்பும்போது தலை கலைந்த கோலத்தில் படியில் ஓடி வந்தாள். "அக்கா, அசந்து தூங்கிட்டேன். நீங்களாவது ஆரம்பிச்சீங்களா?"

"ஆரம்பிச்சேன்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

ஜனவரி 8, ஞாயிறு

சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் தபால்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். தூங்கிப்போனதை ஒளிக்காமல் சொன்னாள். நாலு மணிக்காரர் கூப்பிட்டதும் போனை எடுத்து, சரிங்க ஐயா, ஆரம்பிச்சுட்டேன் என்று பேசியும் விட்டாளாம். பேசியது அவளுக்கு ஞாபகமே இல்லையாம். சபையே சிரித்தது. தப்புச் செய்தாலும் இவளுக்கு நல்ல பேர்தான் கிடைக்கிறது, என்ன அநியாயம் இது?

பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "நான் விட்ட இடத்துல அக்கா புடிச்சுக்கிட்டாங்க. அவங்க ஒருத்தருக்காகவும் காத்திருக்கலை."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை நாள் ஆசைப்பட்டது இது. போதகர் கையைக் குலுக்கினார். வீட்டுக்காரர் வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு வந்தார். அவளுக்குக் கிடைத்த பேரெல்லாம் அவள் சம்பாதித்தது. என்னுடையது?

ஜனவரி 11

மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். டீ குடித்ததைக்கூட விடவில்லை. சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவாள், அதிலும் என்னை ஜெயித்துவிடுவாள் என்று பயந்துகொண்டேதான் போனேன். சிரிக்கவில்லை.

"வந்து தட்டியிருக்கலாமே அக்கா. நான் ரெண்டு நாள் அழுதேன்."

மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

ஜனவரி 15, ஞாயிறு

சபையில் எழுந்து சொன்னேன். அவளுக்குச் சிரித்தார்கள், எனக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்ன பிறவியோ நான்.

விட்டுப்போன ஐந்து மணியும் ஆறு மணியும் உங்கள் இரண்டு பேருடையதுதான், ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிடுங்கள் என்றார் போதகர். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஜனவரி 19, வியாழன்

ஐந்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அவள்தான். உள்ளே வந்து என் அருகில் தரையில் உட்கார்ந்தாள். முதல் மணி அவளுடையது. எனக்கு வராத வார்த்தையெல்லாம் அவளுக்கு வந்தது. என் கொழுந்தனுக்காக, யாரோ ஒரு நோயாளிக்காக, போகப்போக எனக்காகவும். கடைசியில் குரல் தேய்ந்து நின்றுவிட்டது.

ஆறு மணிக்கு நான் ஆரம்பிக்கலாம் என்று கண்ணைத் திறந்தால், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. இத்தனை வருடத்தில் இவளை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

எழுப்பக் கை போனது. எழுப்பவில்லை. போர்வையைக் கொண்டுவந்து மூடிவிட்டு, சத்தம் வராமல், அவள் பேரைச் சொல்லி ஆரம்பித்தேன். இந்த மாதம் என் நேரமெல்லாம் அவள் ஒருத்திக்கே போய்க்கொண்டிருந்தது. இன்றும் முழு மணி நேரம் அவளுக்கே போயிற்று.